ஒருவர் வீட்டிலும் சாப்பிடாத ஒரு கிழமை

பாரிசுக்கு நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் பாரிசில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். கல்யாண மண்டபம், சாமத்திய வீட்டு மண்டபம், பிறகு இன்னொரு கல்யாண மண்டபம். ஈபிள் கோபுரத்தை ஒருதடவை காரின் பின்சீற்றில் இருந்து பார்த்தேன். அதிலும் பாதியை என் மச்சாள் அருள்நாயகியின் கொண்டை மறைத்துவிட்டது.

மச்சாள் என்றால் என் புருசன் தேவராசாவின் மூத்த அக்கா. லண்டனில் எங்களுக்குக் கிட்ட, மோர்டனில் தனியாக இருக்கிறார். அவருடைய புருசன் காலமாகி நாலைந்து வருசமாகிறது. நல்ல மனுசி, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் அவர் காதில் விழுந்த செய்தி மத்தியானத்துக்குள் ஒஸ்லோ வரைக்கும் போய்விடும். எங்கள் காரின் பின்சீற்று அவருக்கென்றே எழுதி வைத்த இடம்.

நாங்கள் லண்டனுக்கு வருவதற்கு முதல் ஜெர்மனியில் ஹாகன் என்ற ஊரில் இருந்தவர்கள். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கவேண்டும் என்று லண்டனில் மிச்சம் என்ற பகுதிக்கு மாறி வந்தோம். தேவராசாவின் பக்கத்தையும் என் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஐரோப்பாவில் எங்கள் ஆட்கள் இல்லாத பெரிய நகரம் கிடையாது. அதனால் எங்களுக்கு லீவு என்றால் யாராவது ஒருவர் வீடு. போய் இறங்கியதும் தேத்தண்ணி, றோல்ஸ். கொஞ்சம் மூச்சு விடமுதல் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். அதோடு எழும்பி அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே தேத்தண்ணி, அதே றோல்ஸ். படுக்கை ஹோலில் விரித்த மெத்தையில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணம் கட்டி முப்பது வருசத்துக்குக் கிட்ட ஆகிறது, ஒரு லீவில்கூட நானும் என் புருசனும் ஒரே அறையில் படுத்ததில்லை.

போன வைகாசியில் பாரிசில் ஒரு பிள்ளை பெரிசானதற்கு வைத்த சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மண்டபத்திலிருந்து நேரே வருவதால் நான் பட்டுச்சேலையில். மடியில் பலகாரப் பெட்டி, பக்கத்தில் மச்சாள். கலே துறைமுகத்துக்குப் போகும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். அங்கே புல்லில் ஒரு வெள்ளைக்காரச் சோடி இருந்தது. எங்கள் வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவர்களுடைய மோட்டார் சைக்கிள். இரண்டு பேரும் சப்பாத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, பேப்பரில் சுற்றிய பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றும் கதைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

வீடு வந்து சேரும்வரை நான் அதையே யோசித்தேன். காருக்குப் பின்சீற்று இருக்கிறது, அதனால் ஆள் ஏறும். டிக்கி இருக்கிறது, அதனால் பார்சல் ஏறும். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு மேல் இடமில்லை.

தேவராசாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. வீட்டுக்குப் பக்கவாட்டில் கவர் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு பொக்ஸ் ஹில்லுக்குப் போய், தன்னைப்போல் மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்த வெள்ளைக்காரர்களோடு கோப்பி குடித்துவிட்டு வருவார். மச்சாள் மோர்டனில் இறங்கிப் போனபிறகு நான் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, உங்கடை சைக்கிளிலை ஐரோப்பா சுத்த ஏலுமோ?"

"ஆர் சுத்துறது?"

"நாங்கள்தான். வேறை ஆர்? ஒரு கிழமை. ஆற்றை வீட்டையும் போறேல்லை. ஒருத்தற்றை வீட்டையும் சாப்பிடுறேல்லை. நீங்களும் நானும் மட்டும்."

"ஓம், போவம்," என்றார் அவர்.

சந்தோசப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் தேவராசா எல்லோருக்கும் ஓம் சொல்லுகிற ஆள். பொயிலர் திருத்துவது அவர் தொழில். ஞாயிறு விடியற்காலையில் யாரோ குளிருது என்று கூப்பிட்டால் ஓம் என்று போய்விடுவார். கோயிலில் அன்னதானத்துக்கு வெங்காயம் வெட்ட ஆள் வேண்டும் என்றாலும் ஓம். ஒருவர் முகத்தை முறித்து ஒரு சொல் சொல்ல அவருக்கு வராது. அப்படிப்பட்டவர் எனக்குச் சொன்ன ஓம் எந்த வகை ஓம்? என்னோடு தனியாகப் போக அவருக்கும் ஆசையா, இல்லை இவள் கேட்கிறாளே என்று சொன்னதா? ஐரோப்பாவைவிட எனக்கு அதுதான் தெரியவேண்டியிருந்தது. அதை வாய்விட்டுக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. கேட்டாலும் ஓம் என்றுதானே சொல்வார்.

திட்டம் போடத் தொடங்கினார். முதல் திட்டத்தைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பிரான்சுக்குள்ளால் போய், சுவிஸ் மலையெல்லாம் ஏறி, இத்தாலியில் எங்கேயோ ஒரு கணவாயில் வளைவு வளைவாக இறங்கி, ஒஸ்ரியாவைத் தொட்டு, ஏழாம் நாள் மிச்சத்துக்கு வந்துவிடுவோமாம்.

"இதென்ன, எங்களை ஆரும் துரத்துகினமோ?" என்றேன்.

"ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஓடினால் காணும்."

"உங்களுக்குக் காணும். பின்னுக்கு இருக்கிற என்னைக் கேட்டுப் போட்டீங்களே?"

சரி, முதலில் ஓடிப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்குப் போனோம். போகும்போது நான் மகாராணி. வரும்போது இருக்கிற இடம் முழுக்க மரத்துப்போய், வீட்டு வாசலில் இறங்கியவள் காலை அகட்டி வைத்தபடி அப்படியே நின்றேன். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு ஹெல்மெட்டுக்குள்ளும் ஸ்பீக்கர் பூட்டியிருந்தார். வழி முழுக்க அவர் குரல் என் காதுக்குள்ளேயே இருந்தது. "நோகுதோ?" "குளிருதோ?" "இப்ப ஒரு வளைவு வருது, என்னோடை சேர்ந்து சரியும்." இத்தனை வருசத்தில் அவர் என்னோடு இவ்வளவு கிட்டத்தில் இருந்து கதைத்ததில்லை. பக்கத்து அறையிலிருந்து கத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

அடுத்த நாளே இத்தாலியை வெட்டினார். ஒஸ்ரியாவும் போனது. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதில்லை என்று வந்தது. மணித்தியாலத்துக்கு ஒருதடவை இறங்கி நடக்கவேண்டும். மழை வந்தால் பொறுத்துப் போக ஒரு நாள் கையில் மிச்சம் இருக்கவேண்டும். ஏதாவது ஓரிடத்தில் இரண்டு இரவு தொடர்ந்து தங்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே கிழமை போய்விடும். எனக்கென்று ஜெல் வைத்த ஒரு குஷன் வாங்கி வந்து, அதில் தானே முதலில் இருந்து பார்த்துவிட்டுத் தந்தார். போக்ஸ்டனில் ரயிலில் ஏறிக் கடலைக் கடப்பது, முதல் இரவு ரேன்ஸ் பக்கம், பிறகு வோஜ் மலை, ரைன் ஆற்றைத் தாண்டி ஸ்வார்ஸ்வால்ட் காட்டில் இரண்டு இரவு, மோசல் ஆற்றங்கரை, பெல்ஜியத்துக் காடு, வீடு. மனுசர் போய்வரக்கூடிய பயணமாக அது மெல்ல மெல்ல மாறியது.

இதில் பெரிய வேலை றோட்டுப் பார்ப்பது அல்ல. ஆள் இல்லாத ஊர் பார்ப்பது. சாப்பாட்டு மேசையில் ஐரோப்பாவை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குனிந்து நிற்போம்.

"ஸ்ராஸ்பேர்க்?" என்பேன்.

"ஐயோ, அங்கை சின்னமாமான்ரை மகள்."

"கொல்மார்?"

"கொல்மாரிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"வடிவா யோசியுங்கோ."

அவர் யோசிப்பார். "ஒரு கடை இருக்கு. முதலாளி புங்குடுதீவு. எங்கடை அத்தானோடை படிச்சவர்."

"அப்ப வேண்டாம்."

பாரிசைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு விலத்தினோம். ஸ்ருட்காட்டை மலைக்கு அந்தப் பக்கம் விட்டோம். சுவிஸ் எல்லைப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கடைசியில் ஸ்வார்ஸ்வால்ட்டில் ஒரு சின்னக் கிராமம் அகப்பட்டது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு தங்குமிடம். தமிழ் ஆள் ஒருத்தரும் இல்லை. அந்த ஊரின் பேரைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசம் என் பிள்ளைகள் சோதனை பாஸ் பண்ணியபோதுகூட வரவில்லை.

பிறகுதான் தேவராசா அந்தப் பிழையை விட்டார். விட்டதும் என்னில் உள்ள அக்கறையால்தான், அதனால் முழுசாக ஏசவும் முடியவில்லை. தனியாக மோட்டார் சைக்கிள் ஓடினால் அவருக்குப் பயமில்லை. என்னைப் பின்னால் வைத்து ஓடத்தான் பயம். நாள் பார்க்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு போக மனம் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் மச்சாள். அவரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"எங்கை போறியள் எண்டு கேட்டவவோ?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நல்லதாகப் படவில்லை.

"எங்கை எண்டு கேக்கேல்லை. எந்தத் திசை எண்டுதான் கேட்டவ. சூலம் பாக்கவேணுமே."

"நீங்கள்?"

"கிழக்கு எண்டனான். வேறை ஒண்டும் சொல்லேல்லை. கிழக்குக்குத் திங்களும் சனியும் சூலமாம். புதன்கிழமை விடியக் காலமை நல்லதாம்."

மிச்சத்துக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? அப்டன் பார்க் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஐரோப்பா. அப்டன் பார்க்குக்கு மரக்கறி வாங்கப் போக ஒருத்தரும் சூலம் பார்ப்பதில்லை. மச்சாளுக்கு அதைக் கணக்குப் போட எவ்வளவு நேரம் போயிருக்கும்? தேவராசா இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, என் போன் அடித்தது.

பாரிசிலிருந்து துசியந்தி, அவருடைய சின்னம்மாவின் மகள்.

"அண்ணி, இஞ்சாலை வாறியளாம். எங்களுக்குச் சொல்லாமல் வரலாமெண்டோ?"

"நாங்கள் பாரிசுக்கு வரேல்லை, துசி. ரேன்ஸ் பக்கத்தாலை போறம்."

"ரேன்சிலையிருந்து எங்கடை வீட்டை ஒண்டரை மணித்தியாலம்தானே. ஆட்டிறைச்சிக்குச் சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் ஸ்ருட்காட்டிலிருந்து இன்னொரு சொந்தக்காரி, நகுலேஸ்வரி. "ஹோல் எல்லாம் ஒதுக்கிப்போட்டன் கலா. ஆம்பிளையள் கீழை, நாங்கள் மேலை. விடிய விடியக் கதைக்கலாம்." சூரிச்சிலிருந்து றூபினி, மலை பார்க்க வருகிறவர்கள் தன் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போகமுடியும் என்று உரிமையோடு கேட்டாள். அவர்களில் பிழை இல்லை. அன்பு அதிகம். அதுதான் எனக்குக் கூடுதல் கொதி. அன்பானவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பிறகு பார்சல். மச்சாள் கொண்டுவந்து ஹோலில் அடுக்கத் தொடங்கினார். துசியந்திக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நகுலேஸ்வரிக்குப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, றூபினிக்கு இங்கே தைத்த சேலை ஜாக்கெட்டுகள். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி. ஒரு பெட்டிக்குள் மிளகாய்த்தூளை மட்டும் வைத்தாலே மூடமுடியாது.

"மச்சாள், நாங்கள் போறது மோட்டார் சைக்கிளிலை," என்றேன்.

"ஓம் பிள்ளை, அதுதான் கொஞ்சமாக் கொண்டந்தனான்," என்றார்.

ஒரு பின்னேரம் தேவராசா புதுத் திட்டத்தோடு வந்து மேசையில் இருந்தார். தலை நிமிரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பாரிஸ் வந்திருந்தது. ஸ்ருட்காட் வந்திருந்தது. சூரிச்சில் இரண்டு இரவு. எங்கள் கிராமத்தைக் காணவில்லை.

"எல்லாருக்கும் ஓம் எண்டிட்டீங்கள், என்ன?"

"என்னெண்டப்பா மாட்டம் எண்டு சொல்லுறது? கோவிப்பினம்."

"நான் கோவிக்கமாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

எனக்கு வாய் நின்றுவிடவில்லை. "அவையளுக்கும் ஓம், எனக்கும் ஓம். அப்ப எனக்குச் சொன்ன ஓம் என்னத்துக்கு? வயசு போய்க் கால் இழுபடமுதல் ஒருக்கா உங்களோடை தனிய இருக்கவேணும் எண்டுதானே கேட்டனான். நகையோ கேட்டனான்? வீடோ கேட்டனான்? நீங்களே போங்கோ. பின்னுக்கு ஒடியல் மாவை இருத்திக் கட்டிக்கொண்டு போங்கோ. நான் வரேல்லை."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். ஒளித்து அழவில்லை. அவருக்குக் கேட்கத்தக்கதாகத்தான் அழுதேன். அதற்குப் பிறகு வீட்டில் பருப்பும் சோறும்தான். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவும் எனக்குக் கொதி.

அந்தக் கிழமை முடிவில் வேலையால் வந்தவர் குசினி வாசலில் நின்றார். கையெல்லாம் பொயிலர்க் கரி.

"எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன். பயணம் இல்லையெண்டு."

நான் திரும்பிப் பார்த்தேன். "நாங்கள் போகேல்லையோ?"

"போறம். அவையளுக்குத்தான் இல்லை."

"ஏன் எண்டு கேட்டிருப்பினமே."

"உமக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு இறுகி எழும்ப ஏலாமல் கிடக்கிறீர் எண்டனான்."

"என்ரை நாரியோ? உங்கடை நாரிக்கு என்ன வந்தது?"

"எனக்கு எண்டால் நான் வேலைக்குப் போறதை அக்கா கண்டிடுவ."

முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கத்தான் பார்த்தேன். முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு மீன் பொரித்தேன். ஆனாலும் உள்ளே அந்தச் சந்தேகம் போகவில்லை. என் கொதிக்குப் பயந்து சொன்ன பொய்யா, தன் ஆசையில் சொன்ன பொய்யா? பருப்பும் சோறும் தாங்காமல்கூடச் சொல்லியிருக்கலாம்.

புதன்கிழமை காலை. வெளிச்சம் சரியாக வரவில்லை. மச்சாள் பார்த்துத் தந்த அதே நல்ல நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டோம், பொய் சொன்னாலும் நேரத்தை விடத் தேவராசாவுக்கு மனமில்லை. மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. இரண்டு பக்கப் பெட்டியிலும் எங்கள் உடுப்பு மட்டும். நான் தடித்த ஜாக்கெட்டும் முட்டுக்குத் தடுப்பு வைத்த காற்சட்டையும் போட்டு, ஹெல்மெட்டையும் மாட்டிவிட்டேன். அவர் கையுறையை இழுத்துக்கொண்டிருந்தார்.

கேற் திறந்த சத்தம் கேட்டது. மச்சாள். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இடியப்பமும் சொதியும் மணக்கிறது. மற்றக் கையில் உடுப்புப் பை. ஒரு கிழமை நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகிற ஆயத்தம். கக்கத்தில் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல்.

என் கை தானாகவே நாரிக்குப் போனது.

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதென்ன பிள்ளை, நாரிக்கு டொக்டர் தந்ததோ? தலைக்கும் போடச் சொன்னவரோ?" அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளைக் கண்டார்.

"அக்கா, கலாவை ஆஸ்பத்திரிக்கு..." என்று தேவராசா தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். கையுறையைக் கழற்றினார். எனக்குத் தெரியும், அவரிடம் இருந்தது அந்த ஒரு பொய்தான், அதுவும் முடிந்துவிட்டது.

"இல்லை அக்கா. கலாவுக்கு ஒண்டுமில்லை. நான்தான் எல்லாருக்கும் பொய் சொன்னனான்."

இனித் தேவராசா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இவதான் தனியப் போகவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா, நான் என்ன செய்ய, என்பார். அது உண்மையும்தான். சொல்லியிருந்தால் நான் கோவித்திருக்கமாட்டேன்.

"எனக்கு இவவோடை தனிய இருக்கவேணும் அக்கா," என்றார் தேவராசா. "ஒரு கிழமை. துசியும் வேண்டாம், நகுலாவும் வேண்டாம். குறை நினைக்காதேங்கோ, நீங்களும் வேண்டாம். கலா கேக்கமுதலே எனக்கு ஆசை. எனக்குத்தான் சொல்லத் தெரியேல்லை."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். தன் அக்காவுக்கு முன்னால் என் கையைக்கூடத் தொடாத மனுசன். எனக்கு நெஞ்சு நிறைந்து கண்ணால் வழிந்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டேன்.

மச்சாள் வாசல் குட்டிச்சுவரில் போய் இருந்தார். பையை மடியில் வைத்தார்.

"அப்ப உனக்கு நாரியிலை ஒண்டும் இல்லையோ, பிள்ளை?"

"இல்லை மச்சாள்."

"நான் பயந்துபோனன். நடக்க ஏலாமல் போயிடுமோ எண்டு. பிள்ளையாருக்கு நேந்து வைச்சனான்."

நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அவர் ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்ரை அத்தான் உயிரோடை இருக்கேக்கை ஒருக்கா என்னட்டைக் கேட்டவர்," என்றார். "கடற்கரைப் பக்கம் ரெண்டு பேருமாப் போய் நிண்டிட்டு வருவமோ எண்டு. நான் சொன்னன், தம்பியாக்களையும் கூட்டிக்கொண்டு போவம், எல்லாருமாப் போனால்தான் நல்லாயிருக்கும் எண்டு."

எங்களுக்கு அந்தப் பயணம் ஞாபகம் இருந்தது. வான் பிடித்து, சோற்றுப் பானையோடு, பிள்ளைகள் குஞ்சு குருமான்களோடு பிரைட்டனுக்குப் போனோம். அத்தான் கல்லில் ஒரு பாயை விரித்து எல்லோருக்கும் கோப்பையைக் கழுவிக் கழுவிக் கொடுத்தார். நல்ல பயணம் என்றுதான் அன்றைக்குத் திரும்பி வந்தோம்.

"பேந்து அவர் என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை," என்றார் மச்சாள். "கேட்டிருந்தால் வந்திருப்பன். எனக்கு அப்ப விளங்கேல்லை."

தேவராசா அக்காவுக்குக் கிட்டப் போனார். மச்சாள் அவரைக் கையால் விலக்கிவிட்டு எழும்பினார்.

"நேரம் போகுது. வெளிக்கிடுங்கோ. திறப்பைத் தா."

தேவராசா பொக்கெற்றிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை, பழக்கதோசத்தில், சாப்பாட்டுப் பையை வாங்க நீண்டது. மச்சாள் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உது உங்களுக்கில்லை. வழியிலை எங்கையேன் இருந்து, வாங்கிச் சாப்பிடுங்கோ."

தம்பி வெறுங்கையோடு பயணம் போக அவர் விட்டதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அவருக்கு அது எவ்வளவு பாடு என்று அவர் முகத்தில் தெரிந்தது. பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பாரிசில் நேரம் எங்களைவிட ஒரு மணித்தியாலம் கூடத்தானே. மச்சாள் எங்களை ஒருதரம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார்.

"ஓம் துசி. ஓமோம், நான் இஞ்சை வந்திட்டன். பாவம், எழும்ப ஏலாமல் கிடக்கிறாள். இப்பதான் எண்ணெய் பூசினனான்." எண்ணெய்ப் போத்தல் இன்னும் திறக்காமல் அவர் கக்கத்தில் இருந்தது. "இல்லையில்லை, கதைக்க ஏலாது, இப்பதான் கண்ணயர்ந்தவள். இந்தக் கிழமை முழுக்க நான்தான் நிக்கிறன். ஒருத்தரும் அவளுக்கு எடுக்கவேண்டாம், என்ரை போனுக்கு எடுங்கோ. எல்லாருக்கும் சொல்லிவிடு."

சொல்லிக்கொண்டே மற்றக் கையால் எங்களைப் போ போ என்று விரட்டினார். ஸ்ரார்ட் பண்ணினால் சத்தம் பாரிசுக்குக் கேட்டுவிடும். தேவராசா ஹாண்டிலைப் பிடித்து உருட்டத் தொடங்கினார். லேசான சாமானா அது? அசையவில்லை. எழும்ப ஏலாமல் கிடக்கிற நான் பின்னுக்கு நின்று மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னல் சேலையை விலக்கி எங்களைப் பார்த்தாள். தெருமுனை வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் உருட்டிக்கொண்டு போனோம்.

திரும்புகிற இடத்தில் பார்த்தேன். மச்சாள் கேற்றடியிலேயே நின்று கதைத்துக்கொண்டிருந்தார். கதைத்துக்கொண்டே கார்டிகன் கையால் முகத்தைத் துடைத்தார்.

தேவராசா ஏறி இருந்து ஹெல்மெட்டைப் போட்டார். என் காதுக்குள் அவர் மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது.

"ஏறுமப்பா," என்றார்.

நான் ஏறினேன். ஏறி, மிச்சத்துத் தெருவில், பஸ்சுக்கு நின்ற ஆட்கள் எல்லாம் பார்க்க, என் புருசனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.